உஷ்பாவிலிருந்து அழைத்து வந்தது

...வாசிக்காமல் இருக்க முடியாது, அது முடிந்துபோன பேச்சு, நேற்றே அம்மா சுவரிலிருந்து சுனிரி வாத்தியத்தை இறக்கி அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டாள், தோல் காயட்டும் என்று, அப்படி வைத்த பிறகு அவன் என்ன சொல்லி என்ன ஆகப்போகிறது... ஆனால் எதை வாசிப்பது என்பது அவன் கையில்தானே இருக்கிறது, விரலும் வில்லும் அவனுடையவைதானே. பிமுர்சா ஆற்றோரப் பாதையில் கடைசி ஆளாக நடந்துகொண்டிருந்தான். முதலில் அம்மா, ஐம்பது வயதுக்காரி போல விறுவிறுவென்று, எழுபதைத் தாண்டியவள். அவளுக்குப் பின்னால் கேத்தோ அத்தை, கக்கத்தில் சிவப்புச் சேவல். அவளுக்குப் பின்னால் லமாரா, தம்பி தாரியேலின் மனைவி, ரொட்டியும் சாராயமும் கட்டிய மூட்டையோடு, தலையைக் குனிந்தபடி. தம்பி மனைவி... இன்னும் மனைவிதான், வேறு சொல் வேண்டாம், வேறு சொல்லை மனதில் நினைத்தாலே நாக்கு உலர்ந்துபோகிறது. மலையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான். கழுத்துக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. உஷ்பாவின் இரண்டு தலைகளும் ஆறு நாட்களாக மேகத்துக்குள்ளேயே இருக்கின்றன, அந்த மேகத்துக்குள் எங்கேயோ தாரியேல் இருக்கிறான், உட்கார்ந்திருக்கிறானா, படுத்திருக்கிறானா, தொங்கிக்கொண்டிருக்கிறானா...

கயிறு அறுந்துதான் இருந்தது, வெட்டப்படவில்லை. அதை அவன் தன் கையால் தொட்டுப் பார்த்தான். லெனின்கிராட்டிலிருந்து வந்த அந்த மஞ்சள் முடிக்காரன், தாரியேலின் கயிற்றுக் கூட்டாளி, இரண்டு தலைகளுக்கும் நடுவிலிருக்கும் பனிமேட்டுக்கு நேர் கீழே கிடந்தானாம், இடுப்பில் கயிற்றோடு, மறுமுனை நார்நாராகப் பிய்ந்து. மலையேற்ற முகாமின் தலைவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, மேல யாரும் உயிரோட இருக்க வாய்ப்பே இல்ல தோழர், பனிக்காத்துல மூணு நாளே அதிகம், தேடுறத நிறுத்திட்டோம் என்றார். வாய்ப்பு இல்லையாம். கயிற்றின் ஒரு முனையில் ஒருவன் செத்திருந்தான் என்றால் மறுமுனையில் இருந்தவனும் செத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? தாரியேல் மேலே, பாறை இடுக்கில், முதுகுப் பையை இழுத்துப் போர்த்திக்கொண்டு... அவனுக்குப் பனிக் குகை தோண்டத் தெரியும், ஆட்டுத் தடத்தில் இறங்கத் தெரியும், அவனுக்குத் தெரியாததா. அப்படி நினைக்கும்போது நெஞ்சு லேசாகிறது, லேசான உடனே பயம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. உயிரோடு இருக்கிறான் என்றால், இன்று நாங்கள் செய்யப்போவது என்ன?

மலையில் போனவனின் உயிர் அங்கேயே நிற்கும், வழி தெரியாது, குளிரில் நடுங்கும், வீட்டார் போய்க் கூப்பிட்டால்தான் வரும். ரொட்டி வைத்து, சாராயம் ஊற்றி, சுனிரியில் அந்தப் பாட்டை வாசித்து, பெற்றவளும் கட்டியவளும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். சேவல் கூவினால் வந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு திரும்பிப் பார்க்காமல், வாசிப்பை நிறுத்தாமல் வீடு வரைக்கும் நடக்க வேண்டும். இதெல்லாம் பிமுர்சாவுக்கு இன்று நேற்றுத் தெரிந்ததல்ல, பனிச்சரிவில் போன அப்பாவைக் கூட்டிவந்தபோது வாசித்தது பெரியப்பா, அதற்குப் பிறகு இந்தப் பக்கத்துக்கு அவன்தான், மூன்று வீட்டுக்கு வாசித்திருக்கிறான். மூன்றும் செத்ததைக் கண்ணால் பார்த்த சாவுகள். மேல் ஊர் சோரெக்கின் கதை வேறு. சோரெக் வேட்டைக்குப் போய்க் காணாமல் போனான், வீட்டார் அவசரப்பட்டார்கள், சேவலும் கூவியது, துக்கச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான், முழங்காலில் ஊர்ந்து, உயிரோடு. உயிரோடு என்று சொல்லலாமா? பிமுர்சா சின்ன வயதில் அவனைப் பார்த்திருக்கிறான். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். ஊட்டினால் சாப்பிடுவான். மனைவியை யாரோ போலப் பார்ப்பான். கடைசிவரை அப்படியே இருந்து செத்தான். குளிர் மூளையைத் தின்றுவிட்டது என்று மெஸ்தியா நகரத்து மருத்துவர் சொன்னார், இருக்கலாம், மருத்துவர் படித்தவர்... ஆனால் ஊரில் யாருக்குத் தெரியாது, மலையில் ஒரு பாறைக்குக் கீழே உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தவனிடமிருந்து அந்த உயிரை வீட்டார்தான் பாட்டு வாசித்து உருவிவிட்டார்கள் என்று. இப்போது தாரியேல் பாறை இடுக்கில் கண்ணை மூடாமல் இருக்கப் போராடிக்கொண்டிருக்கிறான், கீழேயிருந்து அண்ணனின் வில் சத்தம் வருகிறது, உள்ளே எதுவோ அவிழ்கிறது... பிமுர்சாவுக்குப் பாதையின் நடுவில் கால் நின்றுவிட்டது.

"ஏன்டா, செம்மறி மாதிரி பின்னாடியே வர்ற? மூணு பொம்பளைங்க முன்னாடி போறோம், கரடி வந்தா சுனிரி வாசிச்சா தொரத்துவ?" என்று கத்தினாள் கேத்தோ அத்தை. அவளுக்கு எந்த நேரத்திலும் வாய் ஓயாது, சாவு வீட்டில்கூட யாராவது ஒருவரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் அழுவாள். "இந்தச் சனியன் வேற என் கைய பாதி தின்னுருச்சு. என் புருஷன்கூட இத்தன கொத்து கொத்துனதில்ல." அம்மா திரும்பாமலே, "வாய மூடிட்டு நட கேத்தோ, என் புள்ள குளிருல கெடக்கான்" என்றாள். அத்தை முணுமுணுத்தாள், சேவலை மறுகைக்கு மாற்றினாள். குளிரில் கிடக்கிறான், குளிரில் கிடக்கிறான்... இதையேதான் மூன்று நாட்களாகச் சொல்கிறாள். சின்னதுல இருந்தே அவனுக்குக் குளிர் ஆகாதுடா, போய்க் கூட்டிட்டு வா, ஊர் பூரா கேக்குது. அம்மா, செத்தத யாரும் பாக்கலையே என்று அவன் சொன்னபோது அவள் அவனைப் பார்த்த பார்வை, கோபமா, இரக்கமா, இன்னும் பிடிபடவில்லை. நீ வாசிக்கலன்னா கீழ்த்தெரு ஆள் வாசிப்பான் என்றாள். அதோடு அவன் அடங்கிவிட்டான்.

காலையில் லமாரா வேலிப்படலுக்குப் பக்கத்தில் அவனை மறித்தாள். ஆறு நாட்களாக அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை, கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தது. "பெரியத்தான், வாசிக்காதீங்க. அவரு இருக்காரு. எனக்குத் தெரியும்." எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை, கேட்டால் கனவு என்பாள். "வாசிக்கலன்னா வேற ஆளக் கூட்டிட்டு வருவாங்கம்மா" என்றான். "அப்ப வாசிச்சு அவர நீங்களே இழுத்துப் போடுங்க. கூடப் பொறந்தவர்தானே, சரியா இழுப்பீங்க" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. திருட்டு யோசனை. வாசிக்கலாம், வேறு எதையாவது வாசிக்கலாம். மணப்பெண்ணை வீட்டுக்குள் அழைக்கும் பாட்டு ஒன்று இருக்கிறது, வேகத்தைக் குறைத்து இழுத்து வாசித்தால் ஒப்பாரி போலத்தான் இருக்கும், லமாரா சமவெளிக்காரி, அவளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அத்தைக்குச் சங்கீதமும் சமையலும் ஒன்றுதான், அம்மா... அழுகிற அம்மாவின் காதில் எது விழும்? அவன் கூப்பிடாவிட்டால் தாரியேல் வரமாட்டான். வராவிட்டால் உயிர் உடம்போடு இருக்கும். லமாராவிடம் இதைச் சொல்லலாமா என்று வழியெல்லாம் யோசித்தான். சொன்னால் அவள் முகம் மாறும், மாறினால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். சொல்லவில்லை.

பனியாறு முடிந்து கல்லும் சேறுமாகக் கிடக்கிற இடத்துக்கு வந்தபோது மேகம் இன்னும் கீழே இறங்கியிருந்தது. இதற்கு மேலே போக வழியில்லை, மேலே போகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் முதுகுப் பையை இறக்கிவைத்துக் கொடியைக் கட்டுவார்கள். அம்மா தட்டையான ஒரு கல்லைப் பார்த்துத் துணியை விரித்தாள். ரொட்டி, உப்பு, சாராயம். மேலே எங்கேயோ பனி முறிந்து விழுகிற சத்தம், எல்லோரும் ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், பிறகு ஒன்றும் இல்லை. பிமுர்சா உறையிலிருந்து சுனிரியை எடுத்து விரலால் தட்டிப் பார்த்தான். தோல் தொய்ந்திருந்தது. தோல் தொய்ந்தால் மேலே இன்னும் பனி கொட்டும் என்று அர்த்தம், வானொலியில் சொல்கிறவர்களைவிட இது ஒருநாள் முன்னால் சொல்லிவிடும். கொட்டட்டும், கொட்டாதிருக்கட்டும், நான் என்ன செய்ய... தோலைச் சட்டைக்குள் விட்டு வயிற்றுச் சூட்டில் வைத்துக்கொண்டான். அத்தை சேவலின் காலைக் கல்லில் கட்டிவிட்டு, "இன்னைக்கு உனக்கு ஒரே ஒரு வேலதான்டா ராசா, ஒழுங்காப் பண்ணு" என்றாள். சேவல் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தது. கூவாதே, பிமுர்சா அதனிடம் மனசுக்குள் சொன்னான், கூவாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

வாசிக்கத் தொடங்கினான். கல்யாணப் பாட்டுதான். முதல் இழுப்பு கரகரத்தது, இரண்டாவது நிலைத்தது. மெதுவாக, மெதுவாக, பாட்டுக்குள்ளே இருக்கிற குதிப்பையெல்லாம் அமுக்கி அமுக்கி... அம்மா மேகத்தைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு, வாப்பா, என் மகனே வா, வீட்டுல நெருப்பு எரியுது வா என்று கூப்பிட்டாள். லமாரா உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றாள். அவளும் கூப்பிட வேண்டும், அத்தை அவளை முழங்கையால் இடித்தாள், அவள் அசையவில்லை, பிமுர்சாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தப் பார்வையில் இருந்த வெறுப்பு நேராக வந்து அவன் கன்னத்தில் அறைந்தது. இல்லம்மா, இது அது இல்லை, நான் உன் புருஷனைக் கூப்பிடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை... யாரும் வரமாட்டார்கள், கொஞ்ச நேரம் வாசிப்பேன், சேவல் கூவாது, வரல, வீட்டுக்குப் போவோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு...

சேவல் கூவியது. கழுத்தை நீட்டி, மலை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு முறை. அந்த நேரத்தில் பிமுர்சாவின் நெஞ்சுக்குள் எதுவோ சட்டென்று தளர்ந்தது, அப்பாடா, வந்துட்டியாடா தாரியேல், வா, போவோம்... உடனே கால்கள் குளிர்ந்தன. அத்தை ஓவென்று அழுதாள். அம்மா அழவில்லை. துணியைச் சுருட்டினாள், ரொட்டியை அதற்குள் வைத்தாள், "நிறுத்தாம வாசி, திரும்பாதீங்க யாரும்" என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினாள்.

இப்போதும் அவன்தான் கடைசி. அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை, யாரும் இருக்கக் கூடாது. கல் உருளுகிறது, அது அவன் கால் பட்டு உருண்ட கல். மூச்சு கேட்கிறது, அது அவன் மூச்சு. வில் இழுபட இழுபடக் கல்யாணப் பாட்டு அவன் கையிலிருந்து போய்க்கொண்டே இருக்கிறது, அதை நிறுத்தினால் பின்னால் வருவது வழியில் நின்றுவிடும், நின்றுபோனது எங்கே போகும்... பின்னால் வருவது. வருகிறது என்று அவன் நம்புகிறானா? கூட்டுப் பண்ணையில் கணக்கு எழுதுகிறவன், செய்தித்தாள் படிக்கிறவன், சேவலுக்குத் தொண்டை அரித்தாலும் கூவும் என்று தெரியாதவனா? தெரியும், நன்றாகத் தெரியும், ஆனால் முதுகின் நடுவில் சட்டை மட்டும் ஏன் ஈரமாகி ஒட்டிக்கொண்டிருக்கிறது? சரி, யாரோ வருகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். தாரியேல் இல்லை. தாரியேலை அவன் கூப்பிடவில்லை. அப்படியென்றால் யார்? அந்த மலையில் ஆளுக்கா பஞ்சம்? தாத்தா காலத்தில் ஒரு இங்கிலீஷ்காரன் வடக்குத் தலையில் போய் நின்றான், இங்கே யாரும் நம்பவில்லை, அங்கே நிற்க மலைத்தெய்வம் டாலி விடமாட்டாள், ஆடுகளின் சொந்தக்காரி அவள், மனிதன் வாடை அவளுக்கு ஆகாது என்றார்கள். அப்புறம் தெற்குத் தலைக்கு ஜெர்மன்காரர்கள். அந்தச் சமயத்தில்தான் நம் பிரபு ஒருவர் பெருமை தாங்காமல் மலையையே ஒரு வெளிநாட்டுப் பெண்ணுக்கு எழுதிக் கொடுத்தார், எழுதிக் கொடுத்தவருக்கு அங்கே விழுந்து கிடக்கிறவர்களையும் சேர்த்துக் கொடுக்கத் தெரியவில்லை. பிறகு நம் ஊர்க்காரர்களே ஏறினார்கள், உச்சியில் தீ மூட்டிக் காட்டினால்தான் கீழே நம்புவார்கள் என்று விறகைச் சுமந்துகொண்டு ஏறிய காலம். பிறகு முகாம்கள், கொடிகள், பதக்கங்கள், மாஸ்கோ, கீவ், லெனின்கிராட், வருஷா வருஷம் யாராவது ஏறுகிறார்கள், வருஷா வருஷம் யாராவது இறங்குவதில்லை. இறங்காதவர்களை யார் கூப்பிட்டார்கள்? அவர்கள் ஊரில் சுனிரி ஏது, சேவலோடு யார் வந்து இந்தக் கல்லில் உட்கார்ந்தார்கள்? அந்த மஞ்சள் முடிக்காரனின் உடம்பைப் பெட்டியில் ஏற்றி அனுப்பினார்கள், உயிரை யாரும் கேட்கவில்லை. எத்தனை பேர் அங்கே வெறுமனே நின்றுகொண்டிருப்பார்கள், எந்தப் பாட்டாக இருந்தாலும் போதும், ஒரு வீட்டில் நெருப்பு எரிகிறது என்று யாராவது சொன்னால் போதும் என்று... வா மகனே என்று அம்மா கூப்பிட்டாளே. மகன் என்றால் அவர்களும் யாருக்கோ மகன்தானே.

பைன் மரங்களுக்குள் இருட்டாக இருந்தது, சாயங்காலம் இன்னும் முழுதாக வரவில்லை. கல்யாணப் பாட்டு. அந்நியன் ஒருவனை, பேர் தெரியாதவனை, மணப்பெண்ணைக் கூட்டிவருவது போல வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், தம்பியின் இடத்தில் உட்கார வைக்க, தம்பியின் மனைவி இருக்கிற வீட்டுக்குள்... திரும்பிப் பார்த்தால் என்ன? ஒரு தடவை. பார்த்தால் தெரிந்துவிடும், மரம்தான் இருக்கும், பாதைதான் இருக்கும். கழுத்து திரும்பவில்லை. விரல்கள் மரத்துப் போயின, நிறுத்தவில்லை. முன்னால் அம்மாவின் முதுகு, நேராக, ஒரு தடவைகூடக் குலுங்காமல். அப்போதுதான் அது உறைத்தது. அப்பாவைக் கூட்டி வந்த அன்று இதே பாதையில் அம்மா அந்தப் பாட்டுக்கு முன்னால் நடந்திருக்கிறாள். பனியாற்றிலிருந்து வீட்டு வாசல் வரை, ஒரு சுரம் விடாமல் கேட்டிருக்கிறாள். அந்தப் பாட்டு அவளுக்குத் தெரியாதா? கல்யாணப் பாட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு அழுதாளா? அவள் அழவே இல்லையே... தெரிந்திருந்தால் ஏன் நிறுத்தவில்லை, ஏன் திட்டவில்லை, தெரிந்துகொண்டு எதைக் கூட்டிக்கொண்டு போகிறாள்? பயம் இப்போது பின்னால் மட்டும் இல்லை, முன்னாலும் நடந்துகொண்டிருந்தது.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. நெருப்பில் விறகைத் தள்ளிவிட்டு, அம்மா கையைக் காட்டினாள், அவன் வில்லைத் தந்தியிலிருந்து எடுத்தான். வாசிப்பு நின்றதும் காதுக்குள் இரைந்தது. அம்மா அலமாரியிலிருந்து கிண்ணத்தை எடுத்தாள். தாரியேலின் மண் கிண்ணம் அங்கேயே இருந்தது, அதைத் தொடவில்லை. அவள் எடுத்தது வெள்ளிக் கிண்ணம், வெளியூரிலிருந்து யாராவது வந்தால் எடுப்பது. அதை நெருப்புக்குப் பக்கத்தில் தாரியேல் உட்காருகிற இடத்தில் வைக்காமல், விருந்தாளிகள் உட்காருகிற பலகையில் வைத்தாள். "அண்ணி, அது வெளியாளுக்கு வைக்கிறதுல்ல?" என்றாள் அத்தை, கையில் சேவலோடு, வாயைப் பிளந்துகொண்டு. "தெரியும். ஊத்து" என்றாள் அம்மா. அத்தை ஊற்றினாள். அம்மா அந்தக் காலிப் பலகையைப் பார்த்து, "யார் பெத்த புள்ளயோ, எத்தன வருஷமா நின்னுச்சோ. குடிக்கட்டும்" என்றாள். பிறகு யாரிடமும் சொல்லாதவள் போல, "இனி எவனும் என் வாசல்ல வந்து அவனக் கூட்டிட்டியா கூட்டிட்டியான்னு கேக்க மாட்டான். கூட்டிட்டு வந்தாச்சு. என் புள்ள வரும்போது அவன் கிண்ணத்துல அவன் குடிப்பான்" என்றாள்.

லமாரா நிலைப்படியிலேயே நின்றிருந்தாள். வெள்ளிக் கிண்ணத்தைப் பார்த்தாள், மண் கிண்ணத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், கடைசியாகப் பிமுர்சாவை. அவள் முகத்திலிருந்த இறுக்கம் மெல்ல மெல்ல இறங்கியது. உள்ளே வந்து மூட்டையை அவிழ்த்து ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள், நின்றபடியே, அழுதுகொண்டே மென்றாள், ஆறு நாட்களில் முதல் வாய். அத்தை, மெதுவாத் தின்னுடி, விக்கிக்கப் போகுது என்றாள். லமாரா இன்னொரு துண்டைப் பிய்த்து அவனிடம் நீட்டினாள். "சாப்பிடுங்க பெரியத்தான். மன்னிச்சிருங்க, நான் உங்களத் தப்பா நெனச்சுட்டேன். நீங்க அவரக் கூப்பிடவே இல்லன்னு இப்பதான் புரியுது." அவன் வாங்கிக்கொண்டான். கூப்பிடவில்லைதான். அம்மா மகனே என்றுதான் கூப்பிட்டாள், பேரைச் சொல்லவில்லை, இப்போது யோசித்தால் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. லமாரா வாயே திறக்கவில்லை. அத்தைக்குச் சேவல்தான் வேலை. அவன் வாசித்ததும் வேறு பாட்டு. எல்லோரும் அவரவர் வழியில் தாரியேலை மலையிலேயே விட்டு வைத்திருக்கிறார்கள், பத்திரமாக, உயிரோடு... சேவல் கூவியபோது யார் சொன்னது அந்தப் பேரை? வந்துட்டியாடா என்று, அப்பாடா என்று, சுமை இறங்கின நிம்மதியோடு? வாய்விட்டுச் சொல்லவில்லை. மனசுக்குள் சொன்னால் கேட்குமா? அவ்வளவு தூரம் கேட்குமா? லமாரா அவன் சாப்பிடுவதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள், கண்ணில் நன்றியோடு. அவன் ரொட்டியை வாயில் வைத்தான், பலகைப் பக்கம் பார்க்காமல் மென்றுகொண்டே இருந்தான், விழுங்க முடியவில்லை.